நான்கு கோர் போர்டில் தராசு டிரைவர் உறைகிறது: ஸ்பின்லாக்கா, மியூடெக்ஸா?

காசிமேடு_போர்டு எழுதியது:

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடையோடு எடை போடும் மின்னணுத் தராசுக்கான லினக்ஸ் டிரைவர் பற்றிய கேள்வி. லோட்செல்லுக்குப் (எடையை மின்சைகையாக்கும் உணரி) பின்னால், அதை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 சிப். அதன் டேட்டா கால் போர்டின் ஜிபிஐஓவுக்கு (பொதுப் பயன்பாட்டு உள்ளீடு-வெளியீட்டுக் கால்) வருகிறது, விழும் எட்ஜில் (சைகை உயர்விலிருந்து தாழ்வுக்கு இறங்கும் கணம்) இன்டரப்ட் (செயலியை இடைமறிக்கும் அழைப்பு). வேகம் விநாடிக்கு 80 சாம்பிள்.

பழைய போர்டில் ஒரே கோர், ப்ரீஎம்ப்ஷன் (கெர்னலுக்குள் ஓடும் வேலையை நடுவில் நிறுத்தி வேறு வேலைக்கு மாறுவது) இல்லாத கெர்னல். அதில் டிரைவர் ஒழுங்காக ஓடியது. புதிய போர்டு நான்கு கோர் ஆர்ம், கெர்னல் 6.6, ப்ரீஎம்ப்ஷன் உண்டு. டிரைவரில் ஒரு வரிகூட மாறவில்லை. அமைப்பு இப்படி:

ஹார்ட் ஐஆர்க்யூ ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் உடனே ஓடும் பகுதி): ஸ்பின்_லாக் (கிடைக்கும் வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) எடுத்து, 25 பல்ஸ் கொடுத்து 24 பிட்டை வாசித்து, 64 இடமுள்ள வளைய பஃபரில் போட்டு, லாக்கை விட்டுவிட்டு, காத்திருப்பவர்களை எழுப்பும்.

ரீட் (ஆப் எடையைப் படிக்கும் அழைப்பு): அதே ஸ்பின்_லாக், பஃபரிலிருந்து நேரடியாக காப்பி_டு_யூசர் (ஆப்பின் நினைவகத்துக்கு நகலெடுப்பது), பிறகு ஸ்பின்_அன்லாக்.

டேர் (இப்போதைய எடையைச் சுழியாக்கும்) பட்டனுக்கான ஐஆக்டில் (ஆப் டிரைவருக்குக் கட்டளை தரும் அழைப்பு): லோக்கல்_ஐஆர்க்யூ_சேவ் போட்டு, தானே 25 பல்ஸ் கொடுத்து ஒரு மதிப்பை வாங்கி அதைச் சுழியாக வைத்துக்கொண்டு, லோக்கல்_ஐஆர்க்யூ_ரெஸ்டோர்.

இப்போது வரும் கோளாறுகள்:

1. ஏல நேரத்தில் போர்டு உறைகிறது. சீரியல் கன்சோலில் 21 விநாடி கழித்து ஆர்சியூ ஸ்டால் (ஒரு கோர் நகரவில்லை என்ற கெர்னல் புகார்) என்று வருகிறது.
2. ரீட் சில சமயம் ஈஃபால்ட் (முகவரி தவறு என்ற பிழை) தருகிறது. ஆப் கொடுக்கும் முகவரி சரியானதுதான், சரிபார்த்தாயிற்று.
3. டேர் அழுத்தும் கணத்தில் எடை இரண்டு மடங்காகவோ முழுக் குப்பையாகவோ தாவுகிறது.
4. ஆப் ஓடும்போது சிஸ்எஃப்எஸ் (கெர்னல் சாதனங்களைக் காட்டும் கோப்பமைப்பு) வழியாக டிரைவரை அன்பைன்ட் செய்தால் (சாதனத்திலிருந்து பிரித்தால்) ஊப்ஸ் (கெர்னலின் விபத்துச் செய்தி).

சாதனத்தை இரண்டு ஆப் திறக்கின்றன: பில் போடுவது ஒன்று, மேலே தொங்கும் எல்இடி போர்டுக்கு ஒன்று. எல்லா ஸ்பின்லாக்கையும் மியூடெக்ஸ் ஆக்கிவிட்டால் தீருமா? விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளுக்குள் மாற்றி வைத்தாக வேண்டும்.


வண்ணை_கெர்னல் எழுதியது:

அப்படியே பெயரை மாற்றினால் தீராது, இன்னும் மோசமாகும். ஹார்ட் ஐஆர்க்யூவுக்குள் மியூடெக்ஸ் எடுக்கவே கூடாது. மியூடெக்ஸும் ஒரு பூட்டுதான், ஆனால் அது கிடைக்காவிட்டால் கேட்டவர் தூங்கப் போவார். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குத் தூங்கும் உரிமை கிடையாது.

நான்கு கோளாறுக்கும் காரணம் வேறு வேறு. முதல் மூன்றை நான் சொல்கிறேன்.

உறைவது ஏன்: ரீட் வெறும் ஸ்பின்_லாக் எடுக்கிறது, அந்த கோரின் இன்டரப்ட் திறந்தே இருக்கிறது. லாக் கையில் இருக்கும்போதே அதே கோரில் சிப்பின் இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் அதே லாக்குக்காகச் சுற்ற ஆரம்பிக்கும். லாக்கை வைத்திருக்கும் ரீட்டோ ஹேண்ட்லர் முடிந்தால்தான் தொடர முடியும். இருவரும் ஒரே கோரில் மாட்டிக்கொண்டார்கள், வெளியே வர வழியில்லை. அந்த கோரில் இன்டரப்ட் மூடிக்கிடப்பதால் சாஃப்ட் லாக்கப் கண்காணிப்பு டைமரும் அங்கே ஓடாது. மற்ற கோர்கள்தான் கவனித்து ஆர்சியூ ஸ்டால் என்று புகார் சொல்லும். 21 விநாடி என்பது அதன் இயல்பான காலக்கெடு.

பழைய போர்டில் ஏன் வரவில்லை என்றால், எஸ்எம்பியும் (பல கோர் ஆதரவு) ப்ரீஎம்ப்ஷனும் இல்லாத கெர்னலில் ஸ்பின்_லாக் கம்பைல் ஆகும்போதே ஒன்றுமில்லாமல் போய்விடும். அங்கே லாக்கே கிடையாது. ரீட் பாதியில் இருக்கும்போது ஹேண்ட்லர் புகுந்து பஃபரை மாற்றியிருக்கும், ஒரு எடை தப்பாக வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரே கோரில் நன்றாக ஓடியது என்பது லாக்கிங் சரி என்பதற்குச் சான்றே அல்ல.

ஈஃபால்ட் ஏன்: காப்பி_டு_யூசர் எழுதப்போகும் பக்கம் அந்த நேரத்தில் நினைவகத்தில் இல்லாவிட்டால் பேஜ் ஃபால்ட் வரும். அதைத் தீர்க்க கெர்னல் தூங்க வேண்டியிருக்கலாம். ப்ரீஎம்ப்ஷன் உள்ள கெர்னலில் ஸ்பின்லாக் கையில் இருந்தால் ஃபால்ட் ஹேண்ட்லர் 'இது ஆட்டாமிக் சூழல், தூங்கக் கூடாது' என்று கண்டுபிடித்து வேலையைச் செய்ய மறுத்துவிடும். காப்பி தோற்கும், நீங்கள் ஈஃபால்ட் திருப்புவீர்கள். பக்கம் ஏற்கெனவே இருந்தால் எல்லாம் சரியாக நடக்கும், அதனால்தான் 'சில சமயம்'. ப்ரீஎம்ப்ட் எண்ணிக்கை வைக்காத கெர்னலில் இந்த மறுப்பும் இருக்காது, லாக்கைப் பிடித்தபடியே தூங்கிவிடும். ஸ்பின்லாக்குக்குள் தூங்கக்கூடிய காப்பி_டு_யூசர், ஜிஎஃப்பி_கெர்னல் போட்ட கேமலாக், ஐ2சி அல்லது எஸ்பிஐ பரிமாற்றம், எம்ஸ்லீப் எதுவும் வரக்கூடாது.

டேர் குப்பை ஏன்: லோக்கல்_ஐஆர்க்யூ_சேவ் தான் ஓடும் கோரின் இன்டரப்டை மட்டும்தான் மூடும். ஒரே கோர் இருந்தபோது அதுவே முழுத் தடுப்பாக இருந்தது. இப்போது ஐஆக்டில் 2ஆம் கோரில் பல்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கும்போது 0ஆம் கோரில் ஹேண்ட்லரும் பல்ஸ் கொடுக்கும். 24 பிட் இருவருக்கும் பிரிந்து போகும். சில பிட் நகர்ந்தால் எடை இரட்டிப்பாகத் தெரியும். அதோடு முடியாது: எச்எக்ஸ்711இல் 25 பல்ஸ் என்றால் அடுத்த வாசிப்பு ஏ சேனல் (உள்ளீடு), 128 மடங்கு பெருக்கம். 26 ஆனால் பி சேனல், 32 மடங்கு. 27 ஆனால் ஏ சேனல், 64 மடங்கு. இரண்டு பக்கமும் கொடுத்த பல்ஸ் கலந்து எண்ணிக்கை தவறினால் அடுத்த சாம்பிளே வேறு சேனலிலிருந்து வரும்.

தீர்வுக்கு இரண்டு வழி உண்டு.

சின்ன மாற்றம்: ரீட்டிலும் ஐஆக்டிலிலும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் (லாக்கோடு அந்த கோரின் இன்டரப்டையும் மூடுவது). ரீட்டில் மதிப்பை ஸ்டாக்கில் உள்ள மாறிக்கு நகலெடுத்து, லாக்கை விட்டபின் காப்பி_டு_யூசர். ஐஆர்க்யூசேவுக்குக் கொடுக்கும் ஃபிளாக்ஸ் மாறி அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதைச் சாதனத்தின் ஸ்ட்ரக்டில் வைத்தால் இன்னொரு கோர் அதன்மேல் எழுதிவிடும், பிறகு இன்டரப்ட் நிலை தாறுமாறாகும்.

சரியான மாற்றம்: ஹார்ட் ஐஆர்க்யூவில் பல்ஸ் கொடுப்பதையே நிறுத்துங்கள். ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ போட்டு, முதல் ஹேண்ட்லரை வெறுமையாக விட்டு, ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் கொடுங்கள் (ஒன்ஷாட் இல்லாமல் முதல் ஹேண்ட்லரை வெறுமையாக விட்டால் கெர்னல் பதிவே செய்யாது). இப்போது ஹேண்ட்லர் ஒரு கெர்னல் த்ரெட்டில் ஓடும், அங்கே மியூடெக்ஸ் எடுக்கலாம். ஸ்பின்லாக்கே தேவைப்படாது.

ஒன்று கவனம். த்ரெட்டுக்கு மாறியதும் பல்ஸின் நடுவே வேறு வேலை புகலாம். பல்ஸ் கொடுக்கும் பிடி_எஸ்சிகே கால் 60 மைக்ரோவிநாடிக்கு மேல் உயரத்தில் நின்றால் சிப் பவர்டவுனுக்குப் போய்விடும், வாசிப்பு வீண். ஆகவே ஒவ்வொரு பல்ஸுக்கும்: லோக்கல்_ஐஆர்க்யூ_சேவ், உயர்த்து, 1 மைக்ரோவிநாடி, இறக்கு, லோக்கல்_ஐஆர்க்யூ_ரெஸ்டோர், பிறகு பிட்டை வாசி. 25 பல்ஸையும் சேர்த்து மூட வேண்டாம். கால் தாழ்வாக இருக்கும்போது எவ்வளவு நேரம் தாமதித்தாலும் சிப் பவர்டவுன் ஆகாது. இங்கே லோக்கல்_ஐஆர்க்யூ_சேவ் நேரத்துக்கான ஏற்பாடு, மற்ற கோர்களைத் தடுக்கும் லாக் அல்ல. இரண்டையும் குழப்பியதுதான் உங்கள் மூன்றாவது கோளாறு.

மேலும், ஐஆக்டில் எதற்காகக் கம்பியைத் தொட வேண்டும்? தொடவே வேண்டாம். சிப்பிடம் பேசுவது அந்த ஐஆர்க்யூ த்ரெட் மட்டும் என்று வைத்துவிடுங்கள். டேர் என்றால் 'அடுத்த 16 சாம்பிளின் சராசரியைச் சுழியாக வை' என்று ஒரு கோரிக்கையைப் பதிவு செய்தால் போதும். 80 சாம்பிள் வேகத்தில் அது 200 மில்லிவிநாடி. அதிரும் மேடையில் ஒற்றைச் சாம்பிளைச் சுழியாக வைப்பதைவிட இதுவே நல்லது. மடங்கு மாற்றமும் அப்படித்தான்: பல்ஸ் எண்ணிக்கையை மாற்றி எழுதிவிட்டு, 4 சாம்பிளைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். 80 வேகத்தில் சிப் நிலைபெற 50 மில்லிவிநாடி ஆகும், அதுதான் அந்த 4. ஒரு பொருளை ஒருவர் மட்டுமே தொடுகிறார் என்றால் அதற்கு லாக்கே வேண்டாம்.


கொருக்குப்பேட்டை_21 எழுதியது:

ப்ரோ, த்ரெடட் ஐஆர்க்யூ சரி. ஆனா மியூடெக்ஸும் வேணாமே? கேஃபைஃபோ (கெர்னல்லயே இருக்குற வரிசை பஃபர்) போட்டா எழுதுறவர் ஒருத்தர், படிக்கிறவர் ஒருத்தர்னா லாக் இல்லாமலே ஓடும். இல்லாட்டி எண்ணிக்கையை மட்டும் ஆட்டாமிக்_டி (நடுவுல யாரும் புக முடியாம ஒரே செயலா மாறுற எண்) ஆக்கிடுங்க.


எண்ணூர்_சீரியல் எழுதியது:

கேஃபைஃபோ பற்றிச் சொன்னது உண்மை, ஆனால் இங்கே படிப்பவர் இரண்டு பேர். பில் ஆப்பும் எல்இடி ஆப்பும் சேர்ந்து அவுட் பக்கக் குறியீட்டை நகர்த்தினால் லாக் வேண்டும். ஆட்டாமிக் எண்ணிக்கையும் உதவாது. 'சாம்பிள் இருக்கிறதா' என்று பார்ப்பதும் அதை எடுப்பதும் இரண்டு செயல். தனித்தனியே ஒவ்வொன்றும் ஆட்டாமிக்காக இருந்தாலும் நடுவில் இன்னொருவர் எடுத்துவிடுவார். இதே காரணத்தால் வாலடைல் (மாறியை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் குறி) போடுவதும் லாக்குக்கு மாற்றாகாது.

அதைவிடப் பெரிய கேள்வி வேறு. லாக்கைச் சரியாகப் போட்டாலும் இந்தப் பஃபர் வடிவமே தராசுக்குப் பொருந்தவில்லை. ஒரே வளையத்திலிருந்து இருவர் எடுத்தால் ஒரு சாம்பிள் ஒருவருக்குத்தான் போகும். எல்இடியில் தெரியும் எடை பில்லில் வராது, பில்லில் வந்தது எல்இடியில் தெரியாது. ஏலத்தில் வாங்குபவர் பார்ப்பது எல்இடியை, பணம் கொடுப்பது பில்லுக்கு. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

தராசுக்குப் பழைய சாம்பிள் வரிசை தேவையில்லை, கடைசி மதிப்பு போதும். சாதனத்தின் ஸ்ட்ரக்டில் மூன்று வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி எடை, அதன் வரிசை எண், 'செத்துவிட்டது' என்ற கொடி. மூன்றையும் ஒரே மியூடெக்ஸ் காக்கும். ஒவ்வொரு ஓபனுக்கும் ஃபைலின் ப்ரைவேட்_டேட்டாவில் 'நான் கடைசியாகப் பார்த்த வரிசை எண்' இருக்கட்டும். ரீட் இப்படி:

தொடக்கம்:
  மியூடெக்ஸை இன்டரப்டிபிளாக எடு. சிக்னல் வந்தால் ஈரிஸ்டார்ட்சிஸ் (அழைப்பை மறுபடி தொடங்கலாம்)
  செத்துவிட்டதா? லாக்கை விட்டு ஈநோடெவ் (சாதனம் இல்லை)
  சாதனத்தின் வரிசை எண் = ஃபைலின் வரிசை எண் என்றால்
    லாக்கை விடு
    ஓ_நான்பிளாக் (காத்திருக்காதே) எனில் ஈஅகெயின் (பிறகு வா)
    வெயிட்_ஈவென்ட்_இன்டரப்டிபிள்: எண் மாறும் வரை அல்லது சாகும் வரை
    சிக்னல் எனில் ஈரிஸ்டார்ட்சிஸ். இல்லையேல் தொடக்கத்துக்குப் போ
  எடையையும் எண்ணையும் ஸ்டாக் மாறிக்கு நகலெடு
  ஃபைலின் வரிசை எண்ணைப் புதுப்பி
  லாக்கை விடு
  காப்பி_டு_யூசர்

மூன்று இடங்களில் தப்பு நடக்கும். வெயிட்_ஈவென்ட்டுக்குள் மியூடெக்ஸைப் பிடித்தபடி போனால் ஐஆர்க்யூ த்ரெட் புது மதிப்பை எழுதவே முடியாது, யாரும் எழுப்ப மாட்டார்கள். எழுந்ததும் மறுபடி லாக் எடுத்து மறுபடி சோதிக்காமல் மதிப்பை எடுக்கக் கூடாது. மூன்றாவது, ஒரே ஃபைல் டிஸ்கிரிப்டரை ஆப்பின் இரண்டு த்ரெட் பகிரலாம், ஆகவே ஃபைலுக்குள் உள்ள வரிசை எண்ணும் லாக்குக்குள்தான் மாற வேண்டும். அதை மறப்பவர்கள் நிறைய.

வெயிட்_ஈவென்ட்டின் நிபந்தனை லாக் இல்லாமல் படிக்கப்படுகிறது. அங்கே ரீட்_ஒன்ஸ், எழுதும் பக்கம் ரைட்_ஒன்ஸ் (மாறியை ஒரே தடவையில் படிக்க, எழுத கம்பைலரைக் கட்டாயப்படுத்துபவை) போடுங்கள். எழுப்பல் தவறிப்போகுமோ என்ற பயம் வேண்டாம்: அந்த மேக்ரோ முதலில் வரிசையில் சேர்ந்து, த்ரெட்டின் நிலையை மாற்றிவிட்டு, அப்புறம்தான் நிபந்தனையைச் சோதிக்கும். நீங்களே இஃப் போட்டுச் சோதித்துவிட்டு ஷெட்யூலை அழைத்தால்தான் அந்த இடைவெளி வரும்.

இனி வன்பொருள் பக்கம் ஒன்று, இதை லாக்கிங் கோளாறு என்று தவறாக எண்ணித் தேடுவார்கள். எச்எக்ஸ்711இல் 'தயார்' என்று சொல்லும் காலும் டேட்டா வரும் காலும் ஒன்றுதான். நீங்கள் பிட் வாசிக்கும்போது அதே கால் மேலும் கீழும் ஆடும், ஒவ்வொரு இறக்கமும் உங்களுக்கு ஒரு விழும் எட்ஜ். த்ரெட் ஓடும்போதே பொய் இன்டரப்ட் பதிவாகி, முடித்ததும் த்ரெட் இன்னொரு தடவை ஓடும். எட்ஜ் இன்டரப்டில் ஒன்ஷாட் இதைத் தடுக்காது. வாசிப்பைச் சுற்றி டிஸேபிள்_ஐஆர்க்யூ போட்டாலும் போதாது. அது சோம்பல் முறையில் வேலை செய்வது, நடுவில் வந்த எட்ஜைக் குறித்து வைத்துக்கொண்டு ஏனேபிள் செய்ததும் திருப்பி அனுப்பும்.

போர்டின் ஜிபிஐஓ கன்ட்ரோலர் லெவல் இன்டரப்டைத் தரும் என்றால் தாழ்நிலை லெவலும் ஒன்ஷாட்டும் சேர்த்துப் போடுங்கள். த்ரெட் முடியும் வரை கோடு மூடியிருக்கும். 25ஆவது பல்ஸுக்குப் பின் கால் உயர்ந்துவிடுவதால், திறக்கும்போது பொய் இன்டரப்ட் வராது. ஆனால் எந்தப் பிழைப் பாதையிலும் பல்ஸை முழுதாக முடிக்காமல் த்ரெட்டிலிருந்து திரும்பாதீர்கள். கால் தாழ்வாகவே நின்றால் இன்டரப்ட் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். லெவல் கிடையாது என்றால், த்ரெட் தொடங்கியதும் காலைப் படித்து, உயர்வாக இருந்தால் ஐஆர்க்யூ_நன் திருப்பிவிடுங்கள்.

உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பிடித்தாலும், பக்கத்திலேயே ஐஸ் உடைக்கும் மெஷினின் மோட்டார் ஓடினாலும் இதே மாதிரி எடை தாவும். டேர் அழுத்தாதபோதும் தாவினால் முதலில் கம்பியைப் பாருங்கள். மதிப்பு 8388607 அல்லது -8388608இல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உள்ளீடு எல்லை தாண்டியது, பெரும்பாலும் லோட்செல் கம்பி அறுந்தது. லாக் அதற்குக் காரணமல்ல.


ராயபுரம்_ரூட் எழுதியது:

நான்காவது கோளாறுக்கு வருகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன எந்த லாக்கும் அதைத் தீர்க்காது. லாக் இருக்கும் நினைவகமே விடுவிக்கப்பட்டுவிட்டால் லாக் எடுப்பதே விபத்து.

உங்கள் ஸ்ட்ரக்டை ப்ரோபில் (டிரைவர் சாதனத்தோடு இணையும்போது ஓடும் ஃபங்ஷன்) டெவ்எம்_கேஇசட்அலாக் போட்டு வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது டிரைவர் பிரிக்கப்பட்டதும் தானே விடுவிக்கப்படும். ஆப் கையில் திறந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்க்காது. அடுத்த ரீட் செத்த நினைவகத்தைத் தொடும். ஃபைல் ஆபரேஷன்ஸில் ஓனர் கொடுத்திருந்தால் ஆர்எம்மாட் (மாட்யூலை நீக்கும் கட்டளை) 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுக்கும், அதனால் பலர் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அன்பைன்ட் அந்தக் காவலைத் தாண்டித்தான் வருகிறது. யுஎஸ்பி சாதனமாக இருந்தால் கேபிளைப் பிடுங்குவதும் இதேதான்.

வழி: ஸ்ட்ரக்டைச் சாதாரண கேஇசட்அலாக்கில் வாங்கி உள்ளே ஒரு கேரெஃப் (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) வையுங்கள். ப்ரோபுக்கு ஒரு பிடி, ஒவ்வொரு ஓபனுக்கும் ஒரு பிடி. ரிலீஸிலும் (ஃபைல் மூடும்போது) ரிமூவிலும் (டிரைவர் பிரியும்போது) ஒவ்வொன்றாக விடுங்கள். கடைசிப் பிடி போகும்போது கேஃப்ரீ.

ரிமூவில் வரிசை முக்கியம்:

1. மிஸ்க்_டீரெஜிஸ்டர். இது திரும்பியபின் புதிய ஓபன் வராது, ஏற்கெனவே திறந்தவை அப்படியே இருக்கும்.
2. ஃப்ரீ_ஐஆர்க்யூ. ஓடிக்கொண்டிருக்கும் ஐஆர்க்யூ த்ரெட் முடியும் வரை இது காத்திருக்கும்.
3. மியூடெக்ஸ் எடுத்து, செத்த கொடியை ஏற்றி, மியூடெக்ஸை விடுங்கள்.
4. வேக்_அப்_ஆல். தூங்கும் ரீட்கள் எழுந்து ஈநோடெவ் வாங்கிப் போகும்.
5. கேரெஃப்_புட்.

2ஐ மியூடெக்ஸ் பிடித்தபடி செய்யாதீர்கள். ஃப்ரீ_ஐஆர்க்யூ த்ரெட்டுக்காகக் காத்திருக்கும், த்ரெட் மியூடெக்ஸுக்காகக் காத்திருக்கும், அங்கேயே நின்றுவிடும். டைமர்_டிலீட்_சிங்க், கேன்சல்_வொர்க்_சிங்க் இரண்டுக்கும் இதே விதி: எவர் முடியக் காத்திருக்கிறீர்களோ அவர் எடுக்கும் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

டெவ்எம்_ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ பயன்படுத்தினால் இன்னொரு பொறி. அது ரிமூவ் முடிந்து திரும்பிய பிறகுதான் இன்டரப்டை விடுவிக்கும். ரிமூவுக்குள்ளேயே ஸ்ட்ரக்டை விட்டுவிட்டால் இடையில் வரும் இன்டரப்ட் செத்த நினைவகத்தில் எழுதும். இந்த மாதிரி டிரைவரில் இன்டரப்டை டெவ்எம் இல்லாமல் கையால் எடுத்துக் கையால் விடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

இந்த ஈநோடெவைப் பில் ஆப் கவனிக்கிறதா என்றும் பாருங்கள். பிழையைக் கண்டுகொள்ளாமல் பழைய எடையையே காட்டிக்கொண்டிருந்தால் கெர்னல் பக்கம் செய்த வேலை அத்தனையும் வீண்.


காசிமேடு_போர்டு எழுதியது:

அண்ணே எல்லாருக்கும் நன்றி. த்ரெடட் ஐஆர்க்யூ, கடைசி மதிப்பு, கேரெஃப் மூன்றும் போட்டாயிற்று. நான்கு கோளாறும் இப்போது வரவில்லை. ப்ரூவ்_லாக்கிங் (லாக் எடுக்கும் வரிசையைச் சோதிக்கும் லாக்டெப்) போட்ட கெர்னலில் ஓட்டியபோது ஒரு எச்சரிக்கை: வட்டமான லாக் சார்பு இருக்கலாம் என்கிறது, ஒரு பக்கம் நம் மியூடெக்ஸ், மறுபக்கம் எம்மேப்_லாக் (ஆப்பின் நினைவக அமைப்பைக் காக்கும் கெர்னல் லாக்). எல்இடி ஆப்புக்காக டிரைவரில் எம்மேப் (டிரைவரின் நினைவகத்தை ஆப் நேரடியாகப் படிக்கும்) வசதி இருக்கிறது, அது செத்த கொடியைச் சோதிக்க மியூடெக்ஸ் எடுக்கும். அளவுத்திருத்த அட்டவணையை ஏற்றும் ஐஆக்டில் மியூடெக்ஸ் பிடித்தபடி காப்பி_ஃப்ரம்_யூசர் செய்யும். ஆனால் போர்டு ஒரு தடவைகூட உறையவில்லை. பொய் எச்சரிக்கையா?


வண்ணை_கெர்னல் எழுதியது:

பொய் இல்லை, நம்புங்கள். ஐஆக்டிலில் வரிசை: முதலில் உங்கள் மியூடெக்ஸ், அப்புறம் காப்பியில் ஃபால்ட் வந்தால் எம்மேப்_லாக். எம்மேப்பில் வரிசை தலைகீழ்: கெர்னல் எம்மேப்_லாக்கை எழுதும் முறையில் எடுத்துக்கொண்டுதான் உங்கள் ஃபங்ஷனை அழைக்கும், உள்ளே நீங்கள் மியூடெக்ஸ் எடுக்கிறீர்கள். ஒரே ஆப்பின் இரண்டு த்ரெட் இவற்றை ஒரே நேரத்தில் அழைத்து, காப்பியிலும் ஃபால்ட் வந்தால் இருவரும் நிரந்தரமாக நிற்பார்கள். அந்த மூன்றும் ஒன்றுசேரும் நாள் அரிது, அதனால்தான் உறையவில்லை. லாக்டெப் அந்த நாளுக்காகக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு பாதையும் தனித்தனியே ஒரு முறை ஓடினால் போதும், வரிசையைக் கோத்துப் பார்த்துச் சொல்லிவிடும். ப்ரூவ்_லாக்கிங் இருக்கும்போது காப்பி_ஃப்ரம்_யூசர் நிஜமாக ஃபால்ட் ஆகாவிட்டாலும் எம்மேப்_லாக்கை எடுக்கக்கூடும் என்று பதிவு செய்துகொள்ளும்.

திருத்தம் எளிது: ஐஆக்டிலில் முதலில் லாக் இல்லாமல் அட்டவணையை உள்ளூர் நகலுக்கு வாங்கி, எல்லையைச் சரிபார்த்து, பிறகு மியூடெக்ஸ் எடுத்து இடம் மாற்றுங்கள். சரிபார்ப்பது அந்த நகலைத்தான், யூசர் நினைவகத்தை மறுபடி படிக்காதீர்கள். அதற்குள் ஆப் அதை மாற்றியிருக்கலாம்.

ஆனால் எம்மேப்பை எடுத்துவிடுவதே என் விருப்பம். விநாடிக்கு 80 எண்ணுக்கு அது தேவையே இல்லை. எம்மேப் வழியாகப் படிக்கும் ஆப்புக்கு உங்கள் மியூடெக்ஸ் தெரியாது. எடை புதியதும் வரிசை எண் பழையதுமாக அது பார்க்கும்.

லாக்டெப் பற்றி இரண்டு விஷயம். முதல் புகாரைச் சொன்னதும் தன்னை நிறுத்திக்கொள்ளும். அதைத் திருத்தி, ரீபூட் செய்து, மறுபடி ஓட்டினால்தான் அடுத்தது தெரியும். இன்னொன்று, எடுத்த லாக்கின் வரிசைதான் அதற்குத் தெரியும். எடுக்க மறந்த லாக்கைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு கேசிசான் இருக்கிறது, 5.8 முதல் கெர்னலோடு வருகிறது. செத்த நினைவகத்துக்கு கேஏசான். இரண்டையும் ஒரே கெர்னலில் போட முடியாது, தனித்தனியே கட்டுங்கள். பொதுவகை கேஏசான் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், சின்ன போர்டில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிபக்_ஆட்டாமிக்_ஸ்லீப் (தூங்கக் கூடாத இடத்தில் தூங்கினால் சொல்வது) கட்டும் எல்லா கெர்னலிலும் இருக்கட்டும்.

தடைக்காலத்தில் ஓட்ட வேண்டிய சோதனை: நான்கு ரீட் த்ரெட், டேரை ஓயாமல் அழுத்தும் ஒன்று, அட்டவணையை ஏற்றும் ஒன்று, இவை ஓடும்போதே சில விநாடிக்கு ஒருமுறை அன்பைன்ட், பைன்ட். ரீட் த்ரெட்கள் ஈநோடெவ் வந்ததும் மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். சிலவற்றை ரீட்டில் தூங்கும்போதே சிக்னல் கொடுத்துக் கொல்லுங்கள்.


வியாசர்பாடி_ஆர்டி எழுதியது:

ஒரு எச்சரிக்கை மட்டும். பின்னால் யாராவது இதை ப்ரீஎம்ப்ட்_ஆர்டி (ரியல்டைம்) கெர்னலுக்கு மாற்றலாம், 6.12 முதல் அது பிரதான கெர்னலிலேயே இருக்கிறது. அங்கே சாதாரண ஸ்பின்லாக் தூங்கக்கூடிய லாக்காக மாறிவிடும். ரா ஸ்பின்லாக் மட்டும்தான் பழையபடி சுற்றும். உங்கள் டிரைவரில் மியூடெக்ஸ் மட்டும் இருப்பதால் அந்தப் பக்கம் கவலை இல்லை.

சிக்கல் அந்த ஒற்றைப் பல்ஸில் இருக்கிறது. லோக்கல்_ஐஆர்க்யூ_சேவ் ஆர்டியிலும் இன்டரப்டை நிஜமாகவே மூடும். அதற்குள் நீங்கள் அழைக்கும் ஜிபிஐஓ எழுதும் ஃபங்ஷன் உள்ளே சாதாரண ஸ்பின்லாக் எடுத்தால், தூங்கக் கூடாத இடத்தில் தூங்கும் ஃபங்ஷன் என்று கெர்னல் கத்தும். போர்டின் ஜிபிஐஓ டிரைவரைத் திறந்து பாருங்கள். பொதுவான ஜிபிஐஓ எம்எம்ஐஓ டிரைவர் ரா ஸ்பின்லாக்தான் வைத்திருக்கிறது, அதன்மேல் கட்டியவை தப்பிக்கும். ப்ரோபிலேயே ஜிபிஐஓடி_கேன்ஸ்லீப் (இந்தக் காலைத் தொட்டால் தூங்க நேருமா) கேட்டு, ஆம் என்றால் பிழை திருப்பிவிடுங்கள். நாளைக்கு யாராவது கம்பியை ஐ2சி விரிவாக்கி சிப்புக்கு மாற்றினால் தராசு தப்பாக எடை காட்டாமல் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

தராசுக்கு மட்டும் என்றால் ஆர்டி தேவையில்லை. சாம்பிளுக்குச் சாம்பிள் 12.5 மில்லிவிநாடி இடைவெளி இருக்கிறது. ஐஆர்க்யூ த்ரெட் இயல்பாகவே எஸ்சிஎச்இடி_ஃபைஃபோ (ரியல்டைம் வகை) 50 முன்னுரிமையில் ஓடும்.

இன்னொன்று, கெர்னலிலேயே ஐஐஓவின் (உணரிகளுக்கான பகுதி) கீழ் எச்எக்ஸ்711 டிரைவர் ஒன்று இருக்கிறது. அது இன்டரப்ட் வைக்காமல் காலைத் தூங்கித் தூங்கிப் பார்க்கும், மியூடெக்ஸ் ஒன்று, ஒவ்வொரு பல்ஸுக்கும் இன்டரப்ட் மூடல். விநாடிக்கு 10 சாம்பிள் போதும் என்றால் டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருள் விவரக் கோப்பு) சில வரி எழுதி அதையே எடுத்துக்கொள்ளலாம். டேர், சராசரி எல்லாம் ஆப்பில் செய்துகொள்ளுங்கள்.


காசிமேடு_போர்டு எழுதியது:

எம்மேப்பை நீக்கியாயிற்று, அட்டவணை நகல் லாக்குக்கு வெளியே போய்விட்டது, லாக்டெப் மௌனம். கேன்ஸ்லீப் சோதனையும் ப்ரோபில் சேர்ந்தது. 10 சாம்பிள் வேகத்தில் சிப் நிலைபெற 400 மில்லிவிநாடி ஆகிறது. கூடையை வைத்ததும் அடுத்த கூடை வரிசையில் நிற்கும் இடம் இது, 80 வேகமே வேண்டும். ஆகவே சொந்த டிரைவர்தான். கேசிசான் போட்ட கெர்னல் அடுத்து.


எண்ணூர்_சீரியல் எழுதியது:

கேசிசான் ஓட்டும்போது வெயிட்_ஈவென்ட் நிபந்தனையில் படிக்கும் வரிசை எண்ணைப் பற்றிப் புகார் வந்தால் ரீட்_ஒன்ஸ் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள், அதைச் சேருங்கள். எடை மாறியைப் பற்றிப் புகார் வந்தால் மட்டும் ரீட்_ஒன்ஸ் போட்டு வாயை அடைக்காதீர்கள். அங்கே லாக் இல்லாமல் யாரோ படிக்கிறார்கள், அந்தப் பாதையைக் கண்டுபிடியுங்கள். போல் (படிக்கப் புது மதிப்பு இருக்கிறதா என்று ஆப் கேட்கும்) ஃபங்ஷன் எழுதியிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்: போல்_வெயிட் அழைத்தபின் மியூடெக்ஸ் எடுத்துத்தான் வரிசை எண்ணை ஒப்பிட வேண்டும்.